தொண்ணூறு மூச்சு

மஞ்சக்கரடு குடைவரைக் குழுக் கூட்டத்தில் அன்று இருந்தவர்கள் ஆறு பேர். ஏழாவது ஒரு இயந்திரம். மண்டல அலுவலர் நாச்சியப்பன் மின்விசிறிக்கு நேர் கீழே, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஜன்னலோரமாகப் பொறியாளர் சுகிர்தா. எதிரே ஊராட்சித் தலைவி வெள்ளையம்மாள். வாசலை ஒட்டிய பெஞ்சில், காற்றோட்டம் வேண்டும் என்பதால், மனு கொடுத்திருந்த சவரிமுத்து. அவரை இடித்துக்கொண்டு அவர் மனைவி அருளாயி. மேசையின் மூலையில் எழுத்தராகிய நான், சண்முகவடிவு. இயந்திரத்தின் வயர் மேசை வரை எட்டாததால் அதற்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தோம்.

இயந்திரத்துக்குத் துறை வைத்த பெயர் அளவன். ஊர் வைத்த பெயர் மூச்சுக் கணக்கப்பிள்ளை.

எங்கள் குடைவரை மலையின் கிழக்கு முகத்தில் குடைந்த ஒரு சின்ன அறை. பத்துப் பேர் நெருக்கி நின்றால் நிறைந்துவிடும். அதன் மேற்கூரையில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் ஒரு வயலைத் தீட்டியிருக்கிறார்கள். வயலுக்கு வயது ஆயிரத்து நூறு. வரப்பில் ஒருத்தி குனிந்து நிற்கிறாள். அவளைச் சுற்றிப் பத்தொன்பது நாரைகள். அந்தப் பூச்சுக்கு ஈரம் ஆகாது. பட்டால் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். மனித மூச்சில் ஈரம் உண்டு என்பதால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அளவனின் உணர்கருவிகளை உள்ளே பதித்து, பேசும் பெட்டியை மட்டும் அலுவலகத்தில் வைத்தார்கள். அது கணக்குப் போட்டு, ஆளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, முந்நூறு மூச்சு என்றது. ஈரம் குறையவில்லை. இருநூறு என்றது. அப்போதும் குறையவில்லை. மூன்று வருஷமாகத் தொண்ணூறு.

பார்க்க வருகிறவர் நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவோம். உள்ளே போய், கிடக்கிற மரப்பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும். பேசக் கூடாது. தொண்ணூறாவது மூச்சில் மணி அடிக்கும். அந்தத் தொண்ணூறை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செலவழித்தார்கள். திருச்சியிலிருந்து வந்த ஒரு யோகா வாத்தியார் இருபத்திரண்டு நிமிஷம் உள்ளே கிடந்தார். ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று எட்டிப் பார்க்கச் சொல்லி வரிசையே என்னை நச்சரித்தது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி சிரித்தே முடித்துவிட்டு வெளியே வந்து, "உள்ள என்ன படம்க்கா இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டது.

சிரிப்பதற்கு இல்லாத விஷயமும் உண்டு. எவ்வளவு குறைத்தாலும் ஈரம் இறங்காததால், யாரோ திருட்டுத்தனமாக ஆள் விடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தது. காவலர் கோட்டைச்சாமியை இரண்டு வருஷத்துக்கு முன் கடலோரத்துக் கோட்டை ஒன்றுக்கு மாற்றினார்கள். அவர் "சத்தியமா இல்லம்மா" என்றார். சந்தேக அறிக்கையை எழுதியவள் நான்.

மாசி மாதத்து அந்தக் காலையில் சவரிமுத்துவின் மனுவை வாசித்தேன். அரைப்பக்கம்தான். முப்பத்தோரு வருஷம் கல்குவாரி வேலை; நுரையீரலில் கல்தூசி; நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு. தொண்ணூறு மூச்சு தனக்கு மூன்று நிமிஷம்கூட வராது. மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் வருகிறது. ஆகவே மூச்சை எண்ணாமல் நிமிஷத்தை எண்ண வேண்டும்.

"கேக்குறது நியாயந்தான்," என்றார் நாச்சியப்பன். "ஆனா விதியில மூச்சுன்னு இருக்கு. நிமிஷம்னு இல்ல."

"பெரிய விதி," என்றாள் வெள்ளையம்மாள். "ஊர்ல இன்னும் உள்ள போகாதவங்க நாப்பது பேரு எழுதிக் குடுத்திருக்கோம் ஐயா. எங்க மூச்சுல ஆளுக்குப் பத்து சவரி அண்ணனுக்கு. வச்சுக்கிடட்டும்."

"மாத்திக் குடுக்க விட முடியாதும்மா. இன்னிக்குப் பாசத்துல குடுப்பீங்க. நாளைக்கு இருக்கிறவன் வந்து இல்லாதவன் மூச்சை வாங்கிட்டுப் போவான்."

"அதுவுஞ்... சரிதானுங்க," என்றார் சவரிமுத்து. நாலு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்திக் காற்றை இழுத்துக்கொண்டுதான் அவர் பேசுவார்.

அருளாயி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "நீ யாரு பக்கம் பேசுற?"

சுகிர்தா நாற்காலியைச் சவரிமுத்து பக்கம் திருப்பினாள். "எதுக்காகண்ணே பாக்கணும்? படம் எடுத்துப் பெருசாப் போட்டு வச்சிருக்கோமே, முன்கூடத்துல."

"முப்பத்தோரு வருஷம் இந்த மலையோட முதுக உடைச்சேன் மேடம்." காற்றை இழுத்தார். "மூஞ்சியப் பாத்ததில்ல."

"என் மூஞ்சியப் பாக்கவே இந்தாளுக்கு நேரமில்ல," என்றாள் அருளாயி. பிறகு குரலை இறக்கி, சுகிர்தாவிடம் மட்டும் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அடுத்த அடைமழை தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மேடம். அதான் இப்பவே பாக்கணும்னு நிக்கிறாரு."

சுகிர்தா நாற்காலியில் இருந்த பெட்டியைக் கேட்டாள். "அளவா, மேல்மூச்சு வாங்குற ஒருத்தர் ஒரு மூச்சுல எவ்வளவு ஈரம் விடுவார்?"

"சராசரியில் பாதி," என்றது.

"நாம காப்பாத்துறது மூச்சோட எண்ணிக்கையையா, ஈரத்தையா?"

"ஈரத்தை."

"அப்ப அவருக்குத் தொண்ணூறுங்கிறது எத்தனை?"

"நூற்றெண்பது."

நாச்சியப்பன் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். பிறகு, "எழுதிக்கங்கம்மா. ஒருத்தருக்கு மட்டும். இயந்திரம் சொன்னபடி," என்றார்.

பதினோரு மணிக்குச் சவரிமுத்துவை நாற்காலியில் வைத்து அறுபத்துநாலு படி தூக்கிக்கொண்டு போனோம். முன்னால் வெள்ளையம்மாளும் நானும், பின்னால் சுகிர்தாவும் அருளாயியும். நாச்சியப்பன் குடை பிடித்து வந்தார். குடைவரை வாசலில் இருபது நிமிஷம் இளைப்பாறிய பிறகு பட்டையைக் கட்டினேன். என் இடம் வாசற்படிக்கு வெளியே. உள்ளே யார் படுத்திருந்தாலும் எண்ணிக்கை என் கையில் இருக்கும் சிறு திரையில் ஓடும்.

அவர் மல்லாந்து படுத்தார். கண்ணுக்கு இருட்டுப் பழகும் வரை பத்துப் பதினைந்து மூச்சு போனது. பிறகு முகம் மெதுவாக மலர்ந்தது. உதடு அசைந்தது, நாரைகளை ஒவ்வொன்றாக நின்று நிதானித்து எண்ணுகிறார் என்று புரிந்துகொண்டேன். ஐம்பது. அறுபது. அந்த இடத்தில் உதடு நின்றுவிட்டது. கண் மேற்கூரையை விட்டு இறங்கி, வடக்கு மூலைக்குப் போனது. பலகையிலிருந்து இறங்கி, மூலைச் சுவரில் கன்னத்தை ஒட்டினார். விரல் முட்டியால் தட்டினார். ஒரு முழம் தள்ளித் தட்டினார். மறுபடி காதை வைத்தார்.

நூற்றிருபது ஓடிக்கொண்டிருந்தது. பேசக் கூடாது என்பதால் நான் கையை ஆட்டி, மேலே பாருங்கள், மேலே பாருங்கள் என்று ஜாடை காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

"தாயி," என்றார் சுவரிடமிருந்தே. ஒரு சொல்லுக்கு நாலு மூச்சு போயிற்று. "இந்தக் கல்லு... குடிச்சிருக்கு."

மணி அடித்தது.

வெளியே வந்ததும் அருளாயி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "எல்லா நாரையும் பாத்தியா?"

"நாலு பாத்தேன்."

"நாலா! நாலு பாக்கவா இத்தனை பேரு தூக்கிட்டு வந்தோம்? போற வழியில கம்மாயில பாத்தாலே நாப்பது பாக்கலாமே, மனுசா!"

அவர் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து காற்றைச் சேகரித்துக்கொண்டு, சுகிர்தாவைப் பார்த்துச் சொன்னார். "காஞ்ச கல்லு தட்டுனா கணீர்னு சொல்லும் மேடம். நனைஞ்ச கல்லு முனகும். அந்த மூலை முனகுது. மூச்சுப் பட்டா மேல்தோலுதான் நனையும். இது உள்ளுக்குள்ள இருந்து வர்ற தண்ணி."

"எங்க இருந்து?"

இதற்குப் பதில் சொல்ல அவருக்கு அதிக நேரம் பிடித்தது. அது காற்றுக்காக எடுத்துக்கொண்ட நேரம் இல்லை.

"மேல நான் போட்ட குழி," என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், குவாரியை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் காண்டிராக்டர் எல்லைக்கல்லைத் தாண்டி, குடைவரைக்கு நேர் மேலே வெடிக்குழி போடச் சொல்லியிருக்கிறார். இருபத்தொரு குழி. போட்டவர் சவரிமுத்து. வெடிமருந்து வைப்பதற்குள் தடை உத்தரவு வந்துவிட்டது. காண்டிராக்டர் அன்றைக்கே லாரியை எடுத்துக்கொண்டு போனவர்தான். கல் உடைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: வெடிக்காத குழியைத் திறந்து விட்டுப் போகக் கூடாது. அது மலையின் திறந்த வாய், ஆளைக் கேட்கும். ஆகவே இருபத்தொரு குழியிலும் மரமுளை அடித்து, மஞ்சள் தடவி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

"பச்சை மரமா?" என்றாள் சுகிர்தா.

"காஞ்ச மரம். நல்லா இறுக்கமா அடிச்சோம்."

சுகிர்தாவும் படியில் உட்கார்ந்துவிட்டாள். "காஞ்ச முளை மழையில ஊறும்லண்ணே."

"ஊறும். ஊறுனா உப்பும். உப்புனா கல்லு பொளக்கும்." தலையை ஆட்டிக்கொண்டார். "மருந்து வர்றதுக்கு முந்தி எங்காளுக அப்படித்தான் கல்லே பொளந்தாங்க. எனக்குத் தெரியாததா? ஆனா அன்னிக்கு அது ஆப்பாத் தெரியல மேடம். மூடியாத் தெரிஞ்சுது. புண்ணியம்னு நெனச்சுல்ல அடிச்சேன்."

நாச்சியப்பன் குடையை மடக்கினார். "இருங்க, இருங்க. மழை பெய்யிறது ஐப்பசி, கார்த்திகை. ஈரம் ஏறுறது தை மாசம். பொங்கல் லீவுக்குக் கூட்டம் வர்றப்ப. பதினோரு வருஷமும் அப்படித்தான்."

"ஐப்பசித் தண்ணி அந்தக் கீறல்ல எறங்கி உள்ள வந்து சேர தை ஆயிரும் ஐயா. கல்லுக்கு என்ன அவசரம்?"

அலுவலகத்துக்குத் திரும்பி அவரவர் இடத்தில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சுகிர்தா அளவனைக் கேட்டாள். ஈரத்தை, வருகிறவர் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்தால் என்ன வருகிறது; இரண்டரை மாதம் முந்தைய மழையோடு பொருத்தினால் என்ன வருகிறது?

"வருகிறவர்களோடு பொருத்தம் நூற்றுக்கு அறுபத்தொன்று," என்றது அளவன். "மழையோடு தொண்ணூற்றாறு."

"இத ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"அனுமதிச் சீட்டு வாங்கி வருகிறவர்களை எண்ணச் சொன்னீர்கள். மழை அனுமதிச் சீட்டு வாங்கவில்லை."

வெள்ளையம்மாள் முதலில் சிரித்தாள். பிறகுதான் கோபம் வந்தது. "அப்ப இத்தனை வருஷமும் எங்கள மூச்சுவிடாத மூச்சுவிடாதன்னு சொன்னது? என் மக இளைப்புக்காரி ஐயா. பட்டையக் கட்டுனதும் பயத்துலயே பாதி மூச்சு போச்சு அவளுக்கு. அழுதுக்கிட்டே வெளிய வந்தா. மறுபடி ஒருக்கா விடுங்கன்னு உங்க காலப் பிடிக்காத குறைதான்."

"அதுல ஏழு வருஷத்து உத்தரவு என் கையெழுத்தும்மா," என்றார் நாச்சியப்பன். வெள்ளைக் காகிதம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "தலைமையகத்துக்கு எழுதிறலாம். ஆனா ஒண்ணு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தோட எல்லைக்குள்ள குழி போட்டது குற்றம். பேரை எழுதினா கேஸ் வரலாம். 'பழைய துளைகள் சில கண்டறியப்பட்டன'ன்னு மட்டும் எழுதலாமா?"

என் பேனா காகிதத்தில் நின்றது.

"வேணாங்க," என்றார் சவரிமுத்து. "இருபத்தொண்ணுல மேல தெரியிறது ரெண்டோ மூணோதான். மிச்சத்து மேல மண்ணு ஏறி, புல்லு மொளைச்சுக் கிடக்கு. போட்டவன் இல்லாம குழி மட்டும் எப்படி வரும்? எம் பேரப் போடு தாயி."

"போடட்டும்," என்றாள் அருளாயி. "ஜெயில்ல இந்தாளுக்கு ஆவி புடிச்சுவிடுறது யாரு? என் பேரையும் சேத்துப் போட்டுக்க."

"அதுக்கு முன்னால," சவரிமுத்து அலுவலரைப் பார்த்தார், "மிச்சம் பதினஞ்சு நாரையையும் பாத்துக்கிடவா?"

நாச்சியப்பன் முகத்தில் இருந்த சங்கடத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். "ஒரு தடவைங்கிறது விதி. தப்பான விதிதான், இப்பத் தெரியுது. ஆனா மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல. தலைமையகத்துல குழு போட்டு, ஆராய்ஞ்சு, உத்தரவு வரணும்."

"எத்தனை நாளாகும்?"

"ஒரு வருஷம் ஆகலாம்."

ஒரு வருஷத்துக்குள் ஓர் அடைமழை வந்து போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். சவரிமுத்து, "சரிங்க. நாலு பாத்தாச்சுல்ல," என்றார். சலிப்பாகச் சொல்லவில்லை, கிடைத்ததை மடியில் கட்டிக்கொள்கிறவர்போல் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சுகிர்தா வேலை நினைப்பில் இருந்தாள். "அண்ணே, அந்த முளைகள எப்படி வெளிய எடுக்கிறது? அடுத்த மழைக்குள்ள எடுத்தாகணும்."

"அடிச்சோ நெம்பியோ எடுத்தா கீறல் இன்னும் ஓடும். இப்ப வெயில் ஏறுதுல்ல, காயவிட்டு, சின்ன உளியால சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்கணும். ஒரு முளைக்கு ஒரு நாளு. சின்னப்பயலுக சுரண்டிருவானுக." காற்றை இழுத்தார். "ஆனா கீழ ஒருத்தன் குகைக்குள்ள கல்லுல காதை வச்சுக் கிடக்கணும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். மேல சுரண்டுறப்பக் கீழ கீறல் ஓடுச்சுன்னா கல்லு முனகும். முனகுன உடனே நிறுத்தச் சொல்லணும். இல்லாட்டி படம் கழண்டு வந்துரும்."

"எங்க கருவியெல்லாம் அதைக் கேக்காதா?"

"கேக்கும்," என்றது அளவன் நாற்காலியிலிருந்து. "ஆனால் எது முனகல் என்று யாராவது முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்."

"அந்த முனகல் தெரிஞ்சவங்க இங்க எத்தனை பேரு?" என்றாள் சுகிர்தா.

"இருந்தாங்க ஏழு பேரு," என்றார் சவரிமுத்து. "எல்லாருக்கும் தூசிதான். இப்ப நான் ஒருத்தன்."

விதிப் புத்தகம் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துப் பதினாலாம் விதியைப் பிரித்து, நாச்சியப்பன் முன்னால் திருப்பி வைத்தேன். பராமரிப்புப் பணியில் இருப்பவரின் மூச்சு எண்ணப்படாது. அதற்குக் கீழேயே அடுத்த விதி: சின்னத்துக்கு உடனடி ஆபத்து இருந்தால் பணியாளரை அமர்த்த மண்டல அலுவலருக்கு அதிகாரம் உண்டு, தலைமையகத்துக்குத் தெரிவித்தால் போதும்.

அவர் இரண்டையும் இரண்டு தடவை வாசித்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் வந்த ஏழு வருஷத்தில் அவர் பல் வரிசையை நான் பார்த்ததில்லை.

"சவரிமுத்து, உமக்கு இருபத்தொரு நாள் வேலை இருக்கு. மல்லாந்து படுத்துக்கிடணும். முடியுமா?"

"காதைச் சுவத்துல வைக்கணும்னா ஒருக்களிச்சுல்ல..." என்று ஆரம்பித்தவர், விஷயம் புரிந்து நிறுத்திக்கொண்டார்.

"மேல அவனுக வெத்தலை போட உக்காருறப்ப மல்லாந்துக்க," என்றாள் அருளாயி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "படுத்துக் கிடக்கிறதுக்கு ஒரு உத்தியோகமா! இதுக்குன்னே பொறந்தவருதான் ஐயா இவரு. தைரியமா எழுதுங்க."

"கேஸு?" என்றாள் வெள்ளையம்மாள்.

"வேலை முடியிற வரைக்கும் போட முடியாது. அந்தக் காதுதான் இப்ப சின்னத்தைக் காப்பாத்துது. முடிஞ்சப்புறம் போடுறதுக்கு எவனுக்கு மனசு வரும்? அப்படியே வந்தா நான் சாட்சிக்கு வர்றேன்," என்றார் நாச்சியப்பன்.

கடிதத்தை நான் எழுதினேன். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைப் பற்றிய எந்தத் தகவலும் மையில் எழுதி ஒப்பமிட்ட காகிதமாகவே போக வேண்டும் என்ற பழைய விதி இன்னும் மாறவில்லை. பொருள் என்ற இடத்தில் 'உடனடிப் பழுதுபார்ப்பு: கல்லறிந்த பணியாளர் திரு. சவரிமுத்து அவர்களை அமர்த்தியது தெரிவித்தல்' என்று எழுதினேன். முதல் பத்தியில், இருபத்தொரு குழிகளையும் போட்டவர் அவரே என்றும், காண்டிராக்டர் சொல்லிப் போட்டதாகவும், அதை யாரும் கேட்காமல் அவரே முன்வந்து சொன்னதாகவும் எழுதினேன். இரண்டாவதில் மழைக் கணக்கு. மூன்றாவதில், தொண்ணூறு மூச்சு விதியால் பாதி பார்த்தும் பாராமலும் திரும்பியவர்களை, இளைப்பு நோய் உள்ளவர்களை முதலாக வைத்து, மறுபடி அழைக்க வேண்டும் என்று. நாலாவது பத்தி கோட்டைச்சாமியைப் பற்றியது. 'அவர் மீது நான் எழுதிய அறிக்கை தவறு. அவரைத் திரும்ப இங்கேயே பணியமர்த்த வேண்டுகிறேன்' என்று எழுதி, அந்தப் பத்திக்கு மட்டும் என் பெயரைப் போட்டேன்.

நாச்சியப்பன் முழுவதும் வாசித்தார். ஒரே ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தார்: 'இயந்திரம் பிழை செய்யவில்லை, கேள்வியைப் பிழையாகக் கேட்டவர்கள் நாங்கள்.' பிறகு கையெழுத்துப் போட்டார்.

சவரிமுத்து பெஞ்சில் சாய்ந்தபடி, நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். எட்டு என்றேன். ஏழுக்கே வருகிறேன் என்றார். தலையணை கொண்டுவரலாமா என்று அருளாயி கேட்டாள். விதியில் தலையணையைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன்.

காகிதத்தை மூன்றாக மடித்து உறையில் இட்டேன். ஓரத்தில் பசை தடவி ஒட்டினேன். மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி மடிப்பின்மேல் சொட்டவிட்டு, துறை முத்திரையை வைத்து அழுத்தினேன். வெளியே தபால் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அரக்கு இன்னும் ஆறவில்லை. வாசலுக்கு நடந்துகொண்டே ஊதி ஊதி ஆற்றி, வண்டிக்காரர் கையில் கொடுத்தேன். அவர் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.